பந்து நொறுங்கும்வரை காத்திருக்கச் சொல்ல யாருக்கு உரிமை?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழிலாளர் உடல்நலம் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. ஆலை நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், காப்பீட்டுக் கோப்பு பார்ப்பவர்கள் சொல்கிறார்கள், மருத்துவம் படித்தவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகிற ஏ.வி.என். நோய்க்கு ஆரம்பத்தில் செய்ய ஒன்றுமில்லையாம். எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை எப்படியும் மூட்டு மாற்றில்தான் போய் முடியுமாம். ஆகவே எம்.ஆர்.ஐ., துளை என்று தொழிலாளியின் காசையும் அரசின் காசையும் கரைக்காமல், மூட்டின் பந்து கெட்ட பிறகு ஒரே தடவையில் மாற்றிக்கொள்ளலாமாம். அதற்குப் பெங்களூர் 40 கிலோமீட்டரில் இருக்கிறதாம். போதாக்குறைக்கு, இது குடிகாரர்களுக்கு வரும் நோய், அவர்களே தேடிக்கொண்டது என்றும் முடிக்கிறார்கள்.

கேட்பவருக்கு இது நடைமுறை தெரிந்தவர் பேச்சாகப் படும். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வாதத்தின் ஓரத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தச் சிறு உண்மையை முன்னால் நிறுத்தி, அதன் மறைவில் ஒரு பெரிய அநியாயத்தை நடத்திக்கொண்டு போகிறார்கள். முப்பது வயதில் நிமிர்ந்து நடக்க வேண்டிய ஒருவரை, இடுப்பு நொறுங்கிய பிறகு வா என்று திருப்பி அனுப்புவதுதான் அந்த அநியாயம்.

முதலில் நோயைப் பார்ப்போம், ஏனென்றால் வாதத்தின் ஓட்டை அங்கேயே தொடங்குகிறது. தொடை எலும்பின் தலை பந்து வடிவம் கொண்டது. இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அது சுழல்கிறது. அந்தப் பந்துக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி, எலும்பின் கழுத்தை ஒட்டி மேலேறும் சில மெல்லிய குழாய்கள் வழியாகவே போகிறது. அவை அடைபட்டாலோ அறுந்தாலோ ஈடுகட்ட வேறு பெரிய வழி கிடையாது. அதிக அளவு ஸ்டீராய்டு, தொடர் குடி, தொடை எலும்புக் கழுத்தில் முறிவு, மூட்டு நழுவல், சிக்கில் செல் ரத்த நோய், லூபஸ் எனக் காரணங்கள் பல. காரணம் பிடிபடாமலும் வரும். ரத்தம் நின்றதும் பந்து உடைந்துவிடுவதில்லை. செத்த எலும்பு தன் வடிவத்தை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கும். உடல் அதைச் சீர்செய்ய முனையும்போது பழைய எலும்பை முதலில் அரித்தெடுக்கிறது. புதிய எலும்பு அந்த வேகத்தில் வந்து சேர்வதில்லை. அந்த இடைவெளியில், எடை ஏற ஏற, குருத்தெலும்புக்கு அடியில் விரிசல் ஓடுகிறது. பிறகு பந்து சப்பையாகிறது. சப்பையான பந்தை எந்தத் துளையும் மறுபடி உருண்டையாக்காது.

ஆக, இந்த நோயின் நடுவில் ஒரு கோடு கிடக்கிறது: பந்து சரிவதற்கு முன், சரிந்ததற்குப் பின். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குப் பல வழிகள் உண்டு. அந்தப் பக்கம் போனவருக்கு அநேகமாக மூட்டு மாற்று ஒன்றுதான். எதிர்வாதம் இந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பேசுகிறது. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் துளையிட்டுத் தோற்ற கதைகளைச் சேர்த்து, இந்தப் பக்கம் நிற்பவருக்கும் அதையே தீர்ப்பாக எழுதுகிறது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ. என்று கேட்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால்தான் எம்.ஆர்.ஐ. வேண்டும். பிரான்சின் துலூஸ் நகரில் 1960களில் இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்த ஆர்லே, ஃபிக்கா இருவரின் பெயரால் வழங்கும் கட்டப் பிரிவை எடுத்துப் பாருங்கள். முதல் கட்டத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கும். இரண்டாம் கட்டத்தில் எலும்பின் அடர்த்தி மாறும், பந்து உருண்டையாகவே நிற்கும். மூன்றில் பிறை போன்ற கோடு விழும், சரிவு தொடங்கும். நான்கில் கிண்ணமும் தேயும். எம்.ஆர்.ஐ. முதல் கட்டத்திலேயே செத்த பகுதியின் எல்லையைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் அளவையும் காட்டுகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒருவரை அனுப்புவது, அவருக்கு நோய் இல்லை என்பதற்கான சான்று ஆகாது.

வலியும் நேராக வந்து சேராது. தொடை இடுக்கில் வலிக்கும், தொடைக்குள் இறங்கும், சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலுக்கு எக்ஸ்ரே, முதுகுக்கு மாத்திரை, இடுப்புக்கு எண்ணெய் என்று மாதங்கள் ஓடுகின்றன. சிப்காட்டில் மூன்று ஷிப்டிலும் நின்றபடி வேலை செய்பவருக்கு, கிரானைட் குவாரியில் கல் புரட்டுபவருக்கு, மாங்கூழ் ஆலையில் பருவ காலத்தில் கூடை சுமப்பவருக்கு உடல்வலி புதிதல்ல. அதனால் அவரும் பொறுத்துக்கொள்கிறார், கேட்பவரும் உழைப்பு வலி என்று ஒதுக்குகிறார். இன்னும் கொடுமை, அந்த வலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைக் கலவையிலும், மூட்டுவலிச் சூரணம் என்று விற்கப்படும் கலப்படப் பொடிகளிலும் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. நோயைக் கொண்டுவரக்கூடிய பொருளையே வலிக்கு மருந்தாகத் தின்றுகொண்டு ஆறு மாதம் போகலாம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் மும்பையைப் பார்க்கட்டும். 2021 ஜூலையில் இந்துஜா மருத்துவமனையின் சஞ்சய் அகர்வாலாவும் உடன் பணியாற்றியவர்களும் கொரோனாவுக்குப் பின் ஏ.வி.என். வந்த 3 பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சிகிச்சையின்போது அவர்கள் எடுத்த ஸ்டீராய்டு சராசரியாக 758 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். கொரோனா உறுதியான நாளிலிருந்து சராசரியாக 58 நாளில் அறிகுறி தோன்றிவிட்டது. பந்து சரிவதற்கு முன்பே நோய் பிடிபட்டதால், எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்துகளால் சிகிச்சை தொடங்க முடிந்தது. மூவரும் மருத்துவர்கள் என்றும், வலியின் பொருள் அவர்களுக்கு உடனே விளங்கியது என்றும் அப்போது செய்திகள் வந்தன. இரண்டாவது அலையில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனை பேர் ஸ்டீராய்டு எடுத்து உயிர் பிழைத்தார்கள்! அவர்களில் எத்தனை பேருக்குத் தொடை இடுக்கு வலி வந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று யாராவது சொல்லி அனுப்பினார்கள்? மருத்துவருக்கு வலித்தால் சில வாரங்களில் ஸ்கேன். தொழிலாளிக்கு வலித்தால் பந்து நொறுங்கும்வரை மாத்திரை. இந்த வித்தியாசத்தைத்தான் எதிர்வாதம் நடைமுறை அறிவு என்ற பெயரில் நியாயப்படுத்துகிறது.

இனி அவர்களுடைய வலுவான ஆயுதத்துக்கு வருகிறேன். துளையிடும் சிகிச்சைக்கு ஆய்வுச் சான்று போதாது என்கிறார்கள். தென்கொரியாவில் கூ என்ற மருத்துவரின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆரம்ப நிலையில் இருந்த 37 இடுப்பு மூட்டுகள். சீட்டுக் குலுக்கும் முறையில் 18-க்குத் துளை, 19-க்குத் துளையில்லா சிகிச்சை. குறைந்தது இரண்டு ஆண்டு கவனித்ததில், துளையிட்டவற்றில் 14, இடாதவற்றில் 15 சரிந்துவிட்டன. வித்தியாசமே இல்லை. இந்த ஆய்வு நேர்மையானது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பாதியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது நேர்மையாகாது. அதே ஆய்வு, வலியைக் குறைப்பதில் துளைக்குப் பயன் இருக்கலாம் என்று சொன்னது. அதே கூ, அதே காலத்தில், செத்த பகுதி பந்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்து, சரிவை முன்கூட்டிச் சொல்லும் முறையையும் வகுத்தார். பகுதி பெரிதானால் ஆபத்து பெரிது, சிறிதானால் ஆபத்து குறைவு. எதிர்வாதம் எந்த மருத்துவரின் பெயரைச் சொல்லி எம்.ஆர்.ஐ. வீண் என்கிறதோ, அந்த மருத்துவரே எம்.ஆர்.ஐ. இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்பதற்கு வழிகாட்டியவர்.

மறுபக்க ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டல்பர்க் குழு 1991-இல் வெளியிட்ட ஆய்வும் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுதான், 55 மூட்டுகள். துளையிட்ட தரப்பில் சுமார் 70% மூட்டுகளில் பலன்; துளையிடாத தரப்பில் முதல் கட்டத்தில்கூட 20% மூட்டுகளில்தான். பாரிஸ் அருகே கிரெத்தேயில் பிலிப் எர்னிகு செய்தது இன்னும் நீண்ட காலத்தது. இரு இடுப்பிலும் ஸ்டீராய்டால் நோய் வந்த 125 பேர். ஒரு பக்கம் துளை மட்டும். மறு பக்கம் துளையோடு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்துச் செறிவூட்டிய எலும்பு மஜ்ஜை. சராசரி 25 ஆண்டுக்குப் பிறகு, துளை மட்டும் இட்ட பக்கத்தில் 95 மூட்டுகளை மாற்ற வேண்டிவந்தது. மஜ்ஜை செலுத்திய பக்கத்தில் 30 மட்டுமே.

இந்த எண்களில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, 95 மூட்டு போய்விட்டது என்று அவர்கள் சொல்லலாம். மறுபாதியை என்ன செய்வார்கள்? அதே மனிதரின் மற்றோர் இடுப்பில், கால் நூற்றாண்டு கடந்தும் 125-இல் 95 மூட்டுகள் சொந்தப் பந்தோடு நின்றன. ஆரம்பத்தில் செய்ய ஒன்றுமில்லை என்ற கூற்று அந்த இடத்தில் செத்துவிடுகிறது. இது ஒரே மையத்தின் அனுபவம்; எல்லா இடத்திலும் இதே அளவு பலன் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஸ்டெம் செல் என்ற பெயரில் லட்சங்களைக் கேட்கும் விளம்பரங்களுக்கு இது சான்றிதழும் அல்ல. ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அனுமதி பெற்ற ஆய்வாகவே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி சொல்கிறது. விளம்பரக்காரர்களைக் கண்டிக்க வேண்டியதுதான். அதற்காக ஆரம்பகாலச் சிகிச்சையையே குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்?

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சிறிய பகுதி செத்தவரையும் பெரிய பகுதி செத்தவரையும், பந்து உருண்டையாக இருப்பவரையும் விரிசல் விழுந்தவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் பலன் குழம்பத்தான் செய்யும். வலியே இல்லாமல் தற்செயலாகக் கண்டறிந்த 664 மூட்டுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் மான்ட் குழு வெளியிட்டது. அவற்றில் 59% பிறகு வலி கண்டன அல்லது சரிந்தன. ஆனால் பந்தின் உள்பக்கத்தில் சிறிதாக இருந்த பாதிப்புகள் 10%-க்கும் குறைவாகவே முற்றின. அப்படிப்பட்டவருக்குத் துளையே வேண்டாம், கண்காணிப்பு போதும். சிக்கில் செல் நோயாளிகளிடம் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், இயன்முறைப் பயிற்சி மட்டும் எடுத்தவர்களும் துளையோடு பயிற்சி எடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். அதையும் எதிர்வாதத்துக்குச் சாதகமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. கண்காணிப்பானாலும், பயிற்சியானாலும், மருந்தானாலும், துளையானாலும், மஜ்ஜையானாலும், எல்லாமே பந்து சரிவதற்கு முன் நோயைக் கண்டுபிடித்தால்தான் நடக்கும். துளைக்கு எதிரான சான்றை எடுத்துக்கொண்டு, கண்டுபிடிப்புக்கு எதிராகத் திருப்புவதுதான் இந்த வாதத்தின் பெரிய மோசடி.

சரி, பந்து மாற்றினால் முடிந்தது என்கிறார்களே, அதையும் பார்ப்போம். மூட்டு மாற்று அறுவை மகத்தான சிகிச்சை. பந்து சரிந்து, வலியோடு இழுத்து இழுத்து நடக்கும் ஒருவருக்கு அதைத் தாமதிப்பது பாவம். ஆனால் அது யாருக்காகக் கணக்கிடப்பட்டது? பிரிட்டனில் பெரும்பாலான இடுப்பு மாற்று, வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்குச் செய்யப்படுகிறது. இந்தியாவின் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டின் 2013 அறிக்கையில், இடுப்பு மாற்றுக்கான முதல் காரணம் ஏ.வி.என்.; கிட்டத்தட்டப் பாதி. இந்நோய் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தாக்குகிறது. பல நாடுகளின் தரவைத் தொகுத்து 2019-இல் லான்செட் வெளியிட்ட ஆய்வின்படி, செயற்கை இடுப்பு மூட்டுகளில் 20 ஆண்டு தாங்குபவை சுமார் 70%, 25 ஆண்டு தாங்குபவை சுமார் 58%. எழுபது வயதில் மாற்றிக்கொண்டவருக்கு அது ஆயுளுக்குப் போதும். முப்பத்திரண்டு வயது வெல்டருக்கு? 2017-இல் அதே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இதைத் தெளிவாகச் சொன்னது: 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறுஅறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5%, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35% வரை போகிறது. முப்பதுகளில் இருப்பவருக்கு முன்னால் இன்னும் நீண்ட ஆயுள் கிடக்கிறது. மறுஅறுவை என்பது முதல் அறுவையைவிடக் கடினமானது, ஆபத்து கூடியது, செலவும் கூடியது.

வேலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செயற்கை மூட்டோடு அளவாக நடமாடலாம், அலுவலக வேலை செய்யலாம். கல் தூக்க, குந்தி உட்கார்ந்து பற்றவைக்க, லாரிப் பின்கதவில் ஏறி இறங்க மருத்துவரே அனுமதிக்க மாட்டார். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது வேலையின் முடிவு. சொந்தப் பந்தை ஐந்து ஆண்டு கூடுதலாகக் காப்பாற்றினால்கூட, பிள்ளையின் படிப்பு முடியும்வரை சம்பளம் வரும், பிற்கால மறுஅறுவைகளில் ஒன்று குறையும். எப்படியும் மூட்டு மாற்றில்தான் முடியும் என்று எளிதாகச் சொல்பவர்கள் அந்த ஐந்து ஆண்டின் மதிப்பை யாருடைய சம்பளப் பட்டியலை வைத்து அளந்தார்கள்? காலம் தள்ளிப்போடுவது வீண் என்றால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதும் வீண்தான். மருத்துவத்தின் பெரும்பகுதி காலத்தை வாங்கித் தருவதுதான்.

அடுத்து, இது பெங்களூரின் உயர்தொழில்நுட்பம், கிருஷ்ணகிரிக்கு ஆகாது என்ற பேச்சு. இந்தச் சிகிச்சையில் நடப்பது என்ன என்று தெரிந்தால் இந்தப் பேச்சு நிற்காது. தண்டுவடத்தில் மயக்க ஊசி. தொடையின் வெளிப்பக்கம் சிறு கீறல். சி-ஆர்ம் என்ற, அறுவை மேசையைச் சுற்றிவரும் எக்ஸ்ரே கருவி ஒவ்வோர் அசைவையும் திரையில் காட்டுகிறது. முதலில் ஒரு வழிகாட்டிக் கம்பி, எலும்பின் கழுத்து வழியாக, எம்.ஆர்.ஐ. காட்டிய செத்த பகுதிக்குள் போகிறது. முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் நுனி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அதன் மேல் துளைக்கருவி. சிலர் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஒரே துளை இடுகிறார்கள். சிலர் சுமார் 3 மில்லிமீட்டரில் பல துளைகள். குருத்தெலும்புக்குச் சில மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். கம்பியை மிகத் தாழ்வான இடத்தில் நுழைத்தால் பின்னர் தொடை எலும்பு அங்கே முறியும் ஆபத்து உண்டு. படத்தின் துணை வேண்டியிருப்பது இந்த நுட்பத்துக்காகத்தான். இதே சி-ஆர்மை வைத்துத்தான் நெடுஞ்சாலை விபத்தில் தொடை முறிந்தவருக்கு ராடு வைக்கிறார்கள், வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பில் ஆணி வைக்கிறார்கள். ராடு வைக்கத் தெரிந்த கைக்கும், ராடு வைக்கிற அரங்குக்கும் இது எட்டாத வித்தை அல்ல. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் அரசு மருத்துவமனையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கின்றன. இங்கே குறை இயந்திரத்தில் இல்லை. முதல் சந்திப்பில் இடுப்பைச் சுழற்றிப் பார்க்காததில் இருக்கிறது.

பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஜூஜுவாடி மாநில எல்லையைத் தாண்டும்போது நோயாளியின் கையில் கோடு தாண்டிய எக்ஸ்ரே இருக்கிறது என்றால் அங்குள்ள பெரிய மருத்துவமனையும் மூட்டு மாற்றைத்தான் சொல்லும். தூரம் கிலோமீட்டரில் இல்லை, வீணான மாதங்களில் இருக்கிறது. அந்த மாதங்கள் இங்கேதான், சூளகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் பர்கூரிலும் கழிகின்றன. ஆகவே பதிலும் இங்கேதான் வேண்டும்.

குடிகாரர் நோய் என்ற பழிக்கு வருகிறேன். தொடர்ந்து அதிகம் குடிப்பது ஏ.வி.என்.-க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, உண்மை. குடியை நிறுத்தச் சொல்வதும் சிகிச்சையின் பகுதி. ஆனால் இந்தத் தொழில் வட்டாரத்தில் யாரெல்லாம் வேலை செய்கிறார்கள் என்று கண்ணைத் திறந்து பாருங்கள். மேற்கு ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். சிக்கில் செல் மரபு பரவலாக உள்ள பகுதி அது. மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இருக்கிறார்கள். லூபஸ் பெரும்பாலும் தாக்குவது இந்த வயதுப் பெண்களைத்தான், அதற்கான சிகிச்சையில் பலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படுகிறது. தேசிய நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு நழுவியவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யார் வந்து நொண்டினாலும் முதல் கேள்வி குடிப்பாயா என்பதாகவும் கடைசிக் கேள்வியும் அதுவாகவும் இருந்தால், மற்ற காரணங்களை யார் தேடுவார்கள்? குடித்தவராகவே இருக்கட்டும், கல்லீரல் கெட்டவருக்கு மருத்துவம் உண்டு, இடுப்பு கெட்டவருக்கு மட்டும் தண்டனையா? மருத்துவமனை வாசலில் ஒழுக்கச் சான்றிதழ் கேட்கும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை.

விபத்து பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். நழுவிய இடுப்பை 6 மணி நேரத்துக்குள் இடத்தில் அமர்த்தினால் பந்து சாகும் ஆபத்து குறைகிறது. அந்த நேரத்தில் கட்டுப் போடுகிற இடம் தேடி எல்லை தாண்டி ஓடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18-இல் தொடங்கியது. எத்தனையோ உயிர்களைக் காக்கும் திட்டம் அது. ஆனால் இடுப்பில் அடிபட்டவருக்கு எலும்பு சாவது 48 மணி நேரத்தில் தெரியாது. ஒன்று, இரண்டு ஆண்டு கழித்தும் தலைகாட்டும். உயிரைக் காத்து அனுப்பிய பிறகு அந்த இடுப்பை யார் கவனிக்கிறார்கள்?

பணம் எங்கே என்பார்கள். இ.எஸ்.ஐ. விதிப்படி, அரையாண்டு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70% கிடைக்கும். துளையிடும் சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக 6 வாரம், அதாவது 42 நாள், ஊன்றுகோலோடு அந்தக் காலில் எடை ஏற்றாமல் இருக்க வேண்டும். அதன் பிறகும் சில மாதம் ஓட்டமும் பளுவும் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம். 42 என்பது 91-க்குள் அடங்குகிறது. தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து கட்டிய பணம் அவரைக் காக்கப் போதும், நோய் நேரத்தில் கண்டறியப்பட்டால். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பணம் பெரிய அறுவைக்கு மட்டும்தான் என்ற மனநிலையே, சிறிய சிகிச்சையை வீண் என்று சொல்ல வைக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுப்பதோடு நிற்பதில் பயனில்லை. தொடை இடுக்கிலோ தொடையிலோ மூன்று, நான்கு வாரம் நீடிக்கும் வலி. ஸ்டீராய்டு எடுத்த, தொடர்ந்து குடித்த, இடுப்பில் அடிபட்ட, சிக்கில் செல் அல்லது லூபஸ் உள்ள பின்னணி. காலை உள்பக்கம் திருப்பினால் வலி அல்லது தடை. இவை சேர்ந்தால் எக்ஸ்ரே எப்படி இருந்தாலும் இரண்டு இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அடிபடாமல் வரும் ஏ.வி.என். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரு பக்கமும் வருகிறது என்பதால் வலிக்காத இடுப்பையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுக்கும் மருத்துவர் அளவையும் நாளையும் நோயாளியின் சீட்டில் எழுத வேண்டும், எந்த வலிக்கு உடனே வர வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். இடுப்பு நழுவியோ தொடை எலும்பின் கழுத்து முறிந்தோ சிகிச்சை பெற்றவர்களை இரண்டு ஆண்டுக்குக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். செத்த பகுதியின் அளவைப் பார்த்து, யாருக்குக் கண்காணிப்பு, யாருக்கு மருந்து, யாருக்குத் துளை என்று நோயாளியோடு பேசி முடிவெடுக்க வேண்டும். கோடு தாண்டியவருக்கு மூட்டு மாற்றை இழுத்தடிக்காமல் செய்து தர வேண்டும்.

இதைத் தொடங்க இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். அந்தத் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடி வருகிறார்கள். ஒரு மனிதரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உள்பக்கம் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பரிசோதனையை அவர்களின் பட்டியலில் சேர்த்து, சந்தேகம் உள்ளவரை நேராக ஸ்கேனுக்கு அனுப்பும் வழியை வகுத்தால், இங்கே நொறுங்கப்போகும் பல பந்துகளை நேரத்தில் பிடித்துவிடலாம்.

எதிர்வாதம் சொல்பவர்களிடம் நான் கேட்பது இது. துளையிடும் சிகிச்சை எல்லோருக்கும் பலிக்காது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்; எந்தச் சிகிச்சையும் எல்லோருக்கும் பலிக்காது. ஆனால் ஒருவருக்கு அது பலிக்குமா பலிக்காதா என்று கேட்கும் காலத்தையே அவரிடமிருந்து பறிக்க உங்களுக்கு உரிமை இல்லை. தன் இடுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை, அது சரிசெய்யத்தக்க நிலையில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை. தெரிந்த பிறகு துளையா, காத்திருப்பா, மாற்றா என்பதை அவர் மருத்துவரோடு அமர்ந்து முடிவு செய்யட்டும். கெட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்கியத்தை, நாளெல்லாம் நின்று உழைக்கும் ஒருவரிடம் இனி யாரும் சிகிச்சை என்ற பெயரில் சொல்லக் கூடாது.